ஹசாரிகா என்றால் ஆயிரம் பேர்!

பாடகர் பூபேன் ஹசாரிகாவைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. அஸ்ஸாமில் பிறந்து இந்தியா முழுவதும் புகழ் பெற்றவர். 'ருடாலி' என்ற இந்திப் படத்துக்கு இசை அமைத்தவர். 2011-ல் காலமானார். 2019-ல் அவருக்குப் 'பாரத ரத்னா' விருது வழங்கப்பட்டது. அஸ்ஸாமில் லோஹித் ஆற்றின் மீது 2017-ல் திறந்து வைக்கப்பட்ட பாலம், 9 கிலோ மீட்டருக்கும் அதிக நீளம் உள்ளது. அதற்கும் அவர் பெயரையே சூட்டியிருக்கிறார்கள்.

பூபேன் என்பது பெற்றோர் வைத்த பெயர். ஹசாரிகா என்பது?

ஊர்ப் பெயரா? இல்லை. குலதெய்வத்தின் பெயரா? இல்லை. சாதிப் பெயரா? அதுவும் இல்லை. அது ஒரு கணக்கு!

'ஹஜார்' என்றால் ஆயிரம். ஆயிரம் ஆட்களுக்குத் தலைவனாக இருப்பவன் ஹசாரிகா. எந்தக் காலத்திலோ ஒரு மன்னன், யாரோ ஒரு முப்பாட்டனை அந்த வேலையில் அமர்த்தினான். மன்னன் போய்விட்டான். ஆயிரம் ஆட்களும் போய்விட்டார்கள். உத்தியோகமும் போய்விட்டது. பெயர் மட்டும் போகவில்லை. பள்ளிக்கூடப் பதிவேட்டில் ஏறி, பாஸ்போர்ட்டு வரைக்கும் வந்து உட்கார்ந்துகொண்டது.

தேஷ்முக், குல்கர்ணி, பாட்டீல், மஜும்தார், சௌத்ரி, பக்ஷி, முன்ஷி என்று பத்திரிகைகளில் தினந்தோறும் பார்க்கிற பெயர்கள் எல்லாம் இந்த வகைதான். இவை கோட்டையிலும் கச்சேரியிலும் பிறந்த பெயர்கள். தொட்டிலில் பிறந்தவை அல்ல.

ஆள் கணக்கு

அஸ்ஸாமை அஹோம் மன்னர்கள் ஏறக்குறைய 600 ஆண்டுகள் ஆண்டார்கள். 1228-ல் சுகாபா என்ற தலைவன் கிழக்கு மலைகளைத் தாண்டி வந்து நிறுவிய ராஜ்யம் அது. 1826-ல் யாண்டபூ உடன்படிக்கைக்குப் பிறகு வெள்ளைக்காரர் கைக்குப் போயிற்று.

அந்த ராஜ்யத்தில் காசுப் புழக்கம் குறைவு. வரியைப் பணமாகக் கேட்டால் குடியானவன் எங்கே போவான்? ஆகவே அஹோம் மன்னர்கள் வரியை உழைப்பாகவே வாங்கினார்கள். 15 வயது முதல் 50 வயது வரை உள்ள, உடல் வலுவுள்ள ஆண்களைப் 'பாயிக்' என்று பதிவு செய்தார்கள். நான்கு பாயிக்குகள் சேர்ந்தது ஒரு குழு. நால்வரில் ஒருவன் முறை வைத்து மன்னர் வேலைக்குப் போக வேண்டும். போனவனுடைய வயலை மற்ற மூவரும் பார்த்துக்கொள்ள வேண்டும். போர் வந்தால் அவன் கையில் வாள். போர் இல்லாவிட்டால் மண்வெட்டி. குளம் வெட்டுவான், கரை போடுவான், பாதை அமைப்பான். சிவசாகர் பக்கம் போகிறவர்கள் இன்றும் கடல் போன்ற குளங்களைப் பார்த்து வியக்கிறார்கள். அவை எல்லாம் பாயிக்குகளின் வியர்வை.

இதற்குக் கூலி கிடையாது. ஆளுக்கு இரண்டு 'புரா' நன்செய் நிலத்தை வரி இல்லாமல் உழுது சாப்பிடலாம். அவ்வளவுதான்.

இத்தனை பேரையும் கட்டி மேய்க்க அதிகாரிகள் வேண்டாமா? 20 பாயிக்குகளுக்கு ஒருவர்: அவர் போரா. 100 பேருக்கு ஒருவர்: சைக்கியா. 1,000 பேருக்கு ஹசாரிகா. 3,000 பேருக்கு ராஜ்கோவா. 6,000 பேருக்குப் புகான். இது ஏட்டுக் கணக்கு. நடைமுறையில் கூடக் குறைய இருந்ததும் உண்டு.

ஆக, இன்று கௌஹாத்தியில் ஒரே அலுவலகத்தில் ஒரு போரா, ஒரு சைக்கியா, ஒரு ஹசாரிகா மூவரும் பக்கத்துப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள் என்றால், பழைய கணக்குப்படி அங்கே 1,120 பேருக்கான தலைவர்கள் கூடியிருக்கிறார்கள் என்று அர்த்தம்!

இன்னும் மேலே போனால் பெரிய மந்திரிகள். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் குத்துச்சண்டையில் வெண்கலம் வென்ற லவ்லினா போர்கோஹெய்னை நாடே பாராட்டியது. போர்கோஹெய்ன் என்பது அஹோம் அரசின் மூன்று பெரிய மந்திரிகளில் ஒருவருடைய பதவி. (குத்துச்சண்டை வீராங்கனை என்பதால் 'போர்' என்றதும் தமிழர்களுக்கு யுத்தம் நினைவுக்கு வரும். அந்த 'போர்' வேறு. அஸ்ஸாமிய மொழியில் 'பெரிய' என்று பொருள்.) அரண்மனை வைத்தியர்கள் 'பேஜ்பருவா' ஆனார்கள். அஸ்ஸாமிய இலக்கியத்தின் தூணான லட்சுமிநாத் பேஜ்பருவா அந்தக் குடும்பத்தில் வந்தவர்.

பாக்குத் தோட்டத்திலிருந்து...

இந்த ஆள் கணக்கு முறையைச் சீர்திருத்தி ஒழுங்கு செய்தவர் யார் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. அவர் பெயர் மொமாய் தாமுலி. 17-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், பிரதாப சிம்மன் என்ற மன்னன் காலத்தவர். கடனுக்கு ஈடாக இன்னொருவரிடம் வேலை செய்து வந்த ஏழை என்று அஸ்ஸாம் வரலாறு அவரைச் சொல்கிறது. பிறகு அரண்மனைத் தோட்டத்துக்குக் கண்காணிப்பாளர் ஆனார். 'தாமுல்' என்றால் பாக்கு, நம்முடைய தாம்பூலம்தான். பாக்குத் தோட்டக்காரர் என்பதே அவருடைய முதல் பட்டம்! படிப்படியாக உயர்ந்து, 'போர்பருவா' என்ற மிகப் பெரிய பதவியை முதன்முதலாக வகித்தவரும் அவரே.

அவருடைய மகன்தான் லச்சித் போர்புகான். 1671-ல் சராய்காட்டில், பிரம்மபுத்திராவின் நீர்ப்பரப்பில், மொகலாயப் பட்டாளத்தை முறியடித்த தளபதி. தகப்பன் போர்பருவா, மகன் போர்புகான். குடும்பப் பெயர் என்றால் இரண்டும் ஒன்றாக அல்லவா இருக்க வேண்டும்? அன்று அது உத்தியோகத்தின் பெயர். ஆளுக்கு ஆள் மாறியது. வெள்ளைக்காரர் வந்து பழைய உத்தியோகங்கள் மறைந்த பிறகே, மாறிக்கொண்டிருந்த பெயர்கள் அங்கங்கே நின்றுவிட்டன.

இதனால் ஒரு நன்மையும் ஏற்பட்டது. பதவி பல சாதியாருக்கும் கிடைத்ததால், ஹசாரிகா என்ற பெயரை வைத்து ஒருவர் என்ன சாதி என்று கண்டுபிடிக்க முடியாது. அஹோம்களிலும் ஹசாரிகா உண்டு, மற்ற சாதியாரிலும் உண்டு, முஸ்லிம்களிலும் உண்டு.

ஆனால் நாணயத்துக்கு மறுபக்கம் இல்லாமல் இல்லை. அதிகாரிக்குச் சம்பளமாகவும் ஆட்களையே கொடுத்தார்கள். இத்தனை பாயிக்குகள் உன் வயலில், உன் வீட்டில் வேலை செய்வார்கள் என்று ஒதுக்கிவிடுவார்கள். எண்ணியவருடைய பட்டம் பேரன், கொள்ளுப்பேரன் வரை வந்துவிட்டது. எண்ணப்பட்டவனுக்குப் பட்டமும் இல்லை, பெயரும் இல்லை. 1769-ல் மோவாமரியா கலகம் வெடித்தபோது, மதப் பூசலோடு இந்த உழைப்புச் சுமையும் சேர்ந்துகொண்டது. விட்டு விட்டு 1805 வரை நீடித்த அந்தக் கலகம், ராஜ்யத்தின் முதுகெலும்பையே முறித்துவிட்டது.

தேசத்துக்கு ஒருவர், ஊருக்கு ஒருவர்

அஸ்ஸாமில் ஆளை எண்ணினார்கள் என்றால், மராட்டியத்தில் நிலத்தை எண்ணினார்கள்.

பல கிராமங்கள் சேர்ந்தது ஒரு 'பரகணா'. அதற்குத் தலைவர் தேஷ்முக். அவருக்குக் கணக்குப் பார்ப்பவர் தேஷ்பாண்டே. கிராமத்துக்குத் தலைவர் பாட்டீல். கிராமக் கணக்கைப் பார்ப்பவர் குல்கர்ணி. தமிழ்நாட்டில் மணியக்காரரும் கர்ணமும் இருந்தார்களே, அதே ஜோடிதான். குல்கர்ணியில் இருக்கிற 'கரணி'யும் நம் ஊர்க் 'கர்ணமும்' ஒரே வேரில் பிறந்த சொற்கள். வடக்கே மொகலாயர் ஆண்ட பகுதிகளில் இதே ஜோடிக்குச் சௌத்ரி, கானூங்கோ என்று பெயர்.

அரசாங்கக் கச்சேரியில் பாரசீக மொழி கொடிகட்டிப் பறந்த காலம் அது. பாரசீகத்தில் 'நவிஸ்' என்றால் எழுதுகிறவர். அது மராட்டியில் 'நிஸ்' என்று தேய்ந்தது. சிட்டி எழுதியவர் சிட்னிஸ். பாரசீகக் கடிதம் எழுதியவர் பாரஸ்னிஸ். கணக்குப் பட்டி எழுதியவர் பட்னிஸ். அதே 'நவிஸ்' வங்காளத்துக்குப் போய் 'நபிஸ்' ஆயிற்று. 'மஹால்' என்ற வரிப் பகுதிகளின் கணக்கை எழுதியவர் மஹலநபிஸ். இந்தியப் புள்ளியியல் கழகத்தை 1931-ல் நிறுவிய பி. சி. மஹலநபிஸ், நாட்டின் கணக்கையே எழுதியவர். பெயர்ப் பொருத்தம் என்றால் இதுதான்!

உத்தியோகப் பெயர் உண்மையான குடும்பப் பெயரை விழுங்கிய கதைகள் மராட்டியத்தில் ஏராளம். புனாவின் ராஜதந்திரி நானா பட்னவிஸ் (1742-1800) பெயரை எல்லோரும் அறிவார்கள். அவருடைய குடும்பப் பெயர் பானு என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? பேஷ்வாக்களின் குடும்பப் பெயர் பட். 1713-ல் பாலாஜி விசுவநாத் பேஷ்வா ஆன பிறகு, அந்தப் பெயரைச் சொல்ல ஆள் இல்லை. 'லோகஹிதவாதி' என்ற புனைபெயரில் எழுதிய சீர்திருத்தவாதி கோபால் ஹரி தேஷ்முக்கின் (1823-1892) முன்னோர் சித்தயே என்ற பெயருடையவர்கள். தேஷ்முக் உரிமை கிடைத்தது, சித்தயே மறைந்தது.

அந்த உரிமைக்கு 'வதன்' என்று பெயர். பரம்பரை உரிமை. தகப்பனுக்குப் பின் பிள்ளை. வரி வசூலில் ஒரு பங்கு, மானிய நிலம், அதோடு மரியாதை. மரியாதை என்றால் சாதாரணமாக நினைக்க வேண்டாம். ஹோலிப் பண்டிகையில் முதல் படையல் யாருடையது, மாட்டுப் பொங்கல் போன்ற 'போளா' பண்டிகையில் யார் வீட்டு மாடு முதலில் போக வேண்டும், தாம்பூலம் யாருக்கு முதலில் என்பதெல்லாம் வதனில் அடக்கம். இதை விற்கலாம், பாகம் பிரிக்கலாம். பாதி பாட்டீல் உரிமையை ஒருவர் வாங்கினால், எந்தப் பண்டிகையில் எந்த மரியாதை யாருக்கு என்பதைப் பத்திரத்திலேயே எழுதிக்கொள்வார்கள்.

கொதிக்கும் எண்ணெயில் கை

வழக்கு வராமல் இருக்குமா? வதன் வழக்குகள் தலைமுறை தலைமுறையாக நடந்தன. ஊர்ச் சபை கூடும். வாதி, பிரதிவாதி, சாட்சிகள் எல்லோரும் வருவார்கள். தீர்ப்பை எழுதி எல்லோரும் அடையாளம் இடுவார்கள். எழுதத் தெரியாத பாட்டீல் என்ன செய்வார்? கலப்பைப் படம் ஒன்று போடுவார். அதுதான் அவர் கையெழுத்து.

சாட்சி கொண்டு தீராத வழக்குக்கு தெய்வ சாட்சி. கொதிக்கும் எண்ணெயில் ஓர் உலோகத் துண்டைப் போட்டு, உரிமை கொண்டாடுபவரைக் கையால் எடுக்கச் சொல்வார்கள். பிறகு கையைக் கட்டி முத்திரை வைப்பார்கள். சில நாள் கழித்து அவிழ்த்துப் பார்க்கும்போது புண் இல்லாவிட்டால் அவர் பாட்டீல். புண் இருந்தால் இல்லை. இன்று ஒருவர் சர்வசாதாரணமாகக் கையெழுத்துக்குப் பின்னால் எழுதுகிற பெயருக்காக, அன்று கையையே கொடுத்திருக்கிறார்கள்!

சிவாஜி இந்தப் பரம்பரை அதிகாரிகளை நம்பவில்லை. தன்னுடைய போன்ஸ்லே குடும்பமே வேரூள் கிராமத்தின் பாட்டீல் உரிமையிலிருந்து உயர்ந்த குடும்பம் அல்லவா? ஊரில் ஒரு சிறு உரிமை எப்படி ஒரு கோட்டையாக வளரும் என்பது அவருக்குத் தெரியும். தேஷ்முக்குகள் தங்கள் வீடுகளைக் கோட்டைபோல் கட்டிக்கொள்ளக் கூடாது என்று தடுத்தார். அதிகாரிகளுக்கு நிலம் கொடுக்காமல் சம்பளம் கொடுக்கப் பார்த்தார். அவர் மறைந்த பிறகு ஔரங்கசீப்போடு நடந்த நீண்ட போரில், தேஷ்முக்குகள் எதிரிப் பக்கம் போகாமல் இருக்க வேண்டும் என்று வதன்களை வாரி வழங்கினார்கள். 1716 வாக்கில் எழுதப்பட்ட 'ஆக்ஞாபத்திரம்' என்ற மராட்டிய அரசியல் நூல், வதன்தாரர்கள் ராஜ்யத்தில் பங்கு கேட்கும் குட்டி ராஜாக்கள், அவர்களிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று தெளிவாகவே கூறுகிறது.

அதே ஏட்டில் இன்னொரு வதன்

இனிமேல் சொல்லப் போவதைப் பெருமை பேசுகிறவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

தேஷ்முக்குக்கும் பாட்டீலுக்கும் மட்டும் வதன் இருந்ததாக நினைக்கக் கூடாது. கிராமத்தின் கடைசியில் குடியிருந்த மகார் மக்களுக்கும் வதன் இருந்தது. ஊர் எல்லையைக் காக்க வேண்டும். சர்க்கார் தபாலையும் வரிப் பணத்தையும் சுமந்து போக வேண்டும். வந்த அதிகாரிக்கு வழி காட்ட வேண்டும். செத்த மாட்டை அப்புறப்படுத்த வேண்டும். இரவா பகலா என்ற கேள்வி இல்லை. கூப்பிட்ட குரலுக்கு ஓட வேண்டும். வீட்டில் அவன் இல்லையென்றால் தகப்பன் போக வேண்டும், அல்லது வேறு யாராவது போக வேண்டும். இதற்குக் கைம்மாறு சிறு துண்டு நிலமும், அறுவடையில் ஊரார் போடும் தானியமும்.

1874-ல் வெள்ளைக்கார சர்க்கார் பம்பாய் மாகாணத்தில் பரம்பரை உத்தியோகச் சட்டம் கொண்டுவந்தபோது, மகார்களின் இந்தக் கட்டாய ஊழியமும் அந்தச் சட்டத்துக்குள்ளேயே அடங்கிற்று. ஒரு குடும்பத்துக்கு வதன் பட்டமாக வந்தது. இன்னொரு குடும்பத்துக்கு விலங்காக வந்தது. 'தேஷ்முக்' என்று மார்தட்டிக்கொள்ள முடிந்தது. இந்த வேலையை வைத்து யார் மார்தட்டிக்கொள்வார்கள்?

டாக்டர் அம்பேத்கர் 1928-ல் பம்பாய்ச் சட்டசபையில் இதைத் திருத்த ஒரு மசோதா கொண்டுவந்தார். வேலை இன்னது என்று வரையறுக்க வேண்டும். நியாயமான ஊதியம் வேண்டும். வேண்டாம் என்பவர் விலகிக்கொள்ள வழி வேண்டும் என்பதே அவர் கோரிக்கை. மசோதா நிறைவேறவில்லை. மேல் வதன்களான பரகணா, குல்கர்ணி உரிமைகளை ஒழிக்கும் சட்டம் 1950-ல் வந்தது. கீழ் வதன்களை ஒழிக்கும் சட்டம் வர 1958 ஆயிற்று. பரம்பரைப் பாட்டீல் பதவி 1962-ல் ஒழிந்தது. அந்த எட்டு வருஷ இடைவெளி கவனிக்கத்தக்கது. பரகணா அதிகாரியின் சலுகைக்கு முதலில் முடிவு வந்தது. மகாரின் விலங்கு கழலப் பிறகும் எட்டு வருஷம் ஆயிற்று.

ஏறிய பட்டமும் இறங்கிய பட்டமும்

பட்டங்களுக்கும் விலைவாசி போல ஏற்ற இறக்கம் உண்டு.

14-ஆம் நூற்றாண்டில் டில்லி சுல்தான்கள் காலத்து வரலாற்றை எழுதிய ஜியாவுத்தீன் பரணி, பட்டாளத்தின் படிகளைக் கணக்குப் போட்டுச் சொல்கிறார். 10 குதிரை வீரர்களுக்குத் தலைவன் சர்கேல். பத்துச் சர்கேலுக்கு மேல் ஒரு சிபாசாலார். பத்துச் சிபாசாலாருக்கு மேல் ஓர் அமீர். பத்து அமீருக்கு மேல் ஒரு மாலிக். பத்து மாலிக்குக்கு மேல் ஒரு கான். அதாவது கானுக்குக் கீழே ஒரு லட்சம் குதிரை வீரர்கள்!

பிறகு என்ன நடந்தது? கான் பட்டத்தை மன்னர்கள் தாராளமாக வழங்கினார்கள். இன்று கான் என்பது லட்சக்கணக்கானவர்களின் சாதாரணப் பெயர். வெறும் பத்துக் குதிரைக்குத் தலைவனாக இருந்த சர்கேலோ மேலே ஏறிற்று. மராட்டியக் கடற்படையின் மாபெரும் தளபதி கான்ஹோஜி ஆங்கரேயின் பட்டம் 'சர்கேல்'. வெள்ளைக்காரக் கப்பல்களைக் கதிகலங்க அடித்தவர் அவர்.

கான் என்றாலே முஸ்லிம் என்று நினைப்பதும் சரியல்ல. 15-ஆம் நூற்றாண்டில் பாகவதத்தைத் தழுவி வங்காளியில் 'ஸ்ரீகிருஷ்ண விஜயம்' பாடிய மாலாதர் பாசுவுக்கு, கௌட நாட்டுச் சுல்தான் கொடுத்த பட்டம் 'குணராஜ கான்'. கண்ணன் புகழ் பாடிய கவிஞர் ஒரு கான்! வங்காளத்தில் சௌத்ரி, மஜும்தார், சர்க்கார், பிஸ்வாஸ், தாலூக்தார் முதலிய பெயர்கள் இந்துக்களிடமும் உண்டு, முஸ்லிம்களிடமும் உண்டு. கணக்கு எழுதத் தெரியுமா, வரி வசூலிக்கத் தெரியுமா என்று பார்த்து நவாப் வேலை கொடுத்தார். மஜும்தார் என்றால் வரிக் கணக்குகளைத் தொகுத்து வைத்திருப்பவர். பக்ஷி என்றால் பட்டாளத்துக்குச் சம்பளம் பட்டுவாடா செய்பவர்.

ராஜா ராம்மோகன் ராய் பெயரையே பாருங்கள். அவர் குடும்பம் பந்தியோபாத்தியாயர் குடும்பம். முன்னோர் ஒருவர் நவாபிடம் வேலை பார்த்து 'ராய்' பட்டம் பெற்றார். 'ராஜா' பட்டமோ, அவர் இங்கிலாந்துக்குத் தூது போகப் புறப்படும் சமயத்தில் டில்லி பாதுஷா இரண்டாம் அக்பர் கொடுத்தது. முன்னால் ஒரு பட்டம், பின்னால் ஒரு பட்டம். நடுவில் இருப்பது மட்டுமே தாய் தந்தையர் வைத்தது!

சினிமா மேதை சத்யஜித் ராயின் முன்னோருக்கு 'தேவ்' என்று பெயர். பிறகு 'ராய் சௌத்ரி' ஆனார்கள். பாட்டனார் உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி. தகப்பனார் சுகுமார், சௌத்ரியைக் கழற்றிப் போட்டுவிட்டு ராய் மட்டும் போதும் என்றார்.

இன்னொரு வேடிக்கை. இந்தியச் சரித்திரம் எழுதிய பெரியவர்களின் பெயர்களே சரித்திரச் சான்றுகள். மொகலாயர் வரலாற்றை எழுதியவர் ஜாதுநாத் சர்க்கார். பல தொகுதிகளாக இந்திய வரலாற்றைப் பதிப்பித்தவர் ஆர். சி. மஜும்தார். மராட்டியர் வரலாற்றை எழுதியவர் ஜி. எஸ். சர்தேசாய், தேசாய்களுக்கெல்லாம் மேலான தேசாய் என்பது பொருள்.

உத்தியோகம் பெயரில் ஒட்டாமல் போனதும் உண்டு. மகாத்மா காந்தியின் பாட்டனார் திவான், தகப்பனாரும் திவான். கத்தியவார் சமஸ்தானங்களில் தலைமுறையாகத் திவான் வேலை பார்த்த குடும்பம் அது. 'திவான்' என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? வைத்துக்கொள்ளவில்லை. 'காந்தி' என்றால் மளிகை வியாபாரி. அந்தப் பழைய பெயரே நிலைத்தது. உலகம் முழுவதும் பரவியது.

தமிழ்நாட்டில் என்ன ஆயிற்று?

சோழர் காலத்தில் தமிழ்நாட்டில் பட்டங்களுக்குப் பஞ்சம் இல்லை. ராஜராஜ சோழனின் சேனாபதி கிருஷ்ணன் ராமன், தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்று மாளிகையைக் கட்டியவர். அவருக்கு 'மும்முடிச் சோழ பிரமராயன்' என்று பட்டம். மூவேந்தவேளான் என்ற பட்டம் பெற்ற அதிகாரிகள் கல்வெட்டுகளில் எண்ணில் அடங்கார். ஆனால் அந்தப் பட்டங்களில் பெரும்பாலும் மன்னனின் பெயரும் சேர்ந்தே இருக்கும். மன்னன் மாறினால் பட்டமும் மாறிவிடும். அப்படிப்பட்டது எப்படிப் பேரன் வரை நிற்கும்? பல்லவராயர், காலிங்கராயர், தொண்டைமான் போன்ற சில பட்டங்கள் மட்டும் சில குடும்பங்களில் தங்கின.

முதலியார் என்ற சொல்லின் கதை வேறு. தமிழ்நாட்டில் அது சாதிப் பெயர். இலங்கையிலோ அது சர்க்கார் உத்தியோகம். போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று மூன்று ஆட்சியிலும் முதலியார் நியமனம் உண்டு. 1926-ல் வெளிவந்த யாழ்ப்பாண வரலாற்று நூலின் ஆசிரியர் ராசநாயகம், முதலியார் பட்டம் பெற்ற அதிகாரி.

1929-ல் செங்கற்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் பலர் பெயருக்குப் பின்னால் இருந்த வாலை வெட்டி எறிந்தார்கள். நாளடைவில் அது நாட்டு வழக்கமே ஆகிவிட்டது. இப்போது தமிழருக்குத் தகப்பனார் பெயரின் முதல் எழுத்து ஒன்றே போதும். வெளிநாடு போகும்போதுதான் தொல்லை. குடும்பப் பெயர் என்ன என்று கேட்கிற பாரத்தில் தகப்பனாரின் பெயரை எழுதி, அங்கே போனதும் தகப்பனார் பெயராலேயே அழைக்கப்படுகிறார்கள்!

பரம்பரை உத்தியோகம் மட்டும் இங்கேயும் வெகுகாலம் நின்றது. கிராம முன்சீபும் கர்ணமும் ஒழிந்தது 1980 நவம்பரில் வந்த அவசரச் சட்டத்தால். மணியக்காரர் வீடு, கணக்குப்பிள்ளை வீடு என்று ஊரில் அடையாளம் சொல்லும் பழக்கம் பல கிராமங்களில் இன்னும் போகவில்லை.

பட்டத்தை ஒழித்தவர்கள்

1950-ல் அமலுக்கு வந்த இந்திய அரசியல் சட்டத்தின் 18-வது பிரிவு, இனிமேல் அரசாங்கம் பட்டம் வழங்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. ராணுவப் பதவிக்கும் கல்விப் பட்டத்துக்கும் மட்டும் விலக்கு. ராவ் பகதூர், கான் பகதூர், திவான் பகதூர் காலம் அத்தோடு முடிந்தது. 1971-ல் 26-வது திருத்தம் மகாராஜாக்களின் அங்கீகாரத்தையும் மானியத்தையும் நீக்கியது. பாரத ரத்னா, பத்மஸ்ரீ முதலியவை பட்டங்கள் அல்ல, ஆகவே அவற்றைப் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ போட்டுக்கொள்ளக் கூடாது என்று 1995-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது.

பழைய பட்டம் பெயராகிவிட்டதே, அதை என்ன செய்வது? அதைப் பற்றிச் சட்டம் பேசவில்லை. பேசியிருந்தால் சங்கடமாகப் போயிருக்கும். ரிசர்வ் வங்கியின் முதல் இந்தியக் கவர்னராக ரூபாய் நோட்டில் கையெழுத்திட்டவர் சி. டி. தேஷ்முக். அரசியல் சட்ட வரைவுக் குழுவில் ஒருவர் கே. எம். முன்ஷி. அடிப்படை உரிமைகள் பற்றிய ஆலோசனைக் குழுவுக்குத் தலைவர் வல்லபாய் படேல்.

500-க்கு மேற்பட்ட சமஸ்தானங்களின் மகாராஜாக்களும் நவாபுகளும் ராஜ்யத்தை எழுதிக் கொடுத்ததும் அந்தப் படேலிடம்தான். 'படேல்' என்பது மராட்டியின் பாட்டீல். அதாவது, கிராம மணியக்காரர்.